டமாக்சிஃபென் காலத்துத் திடீர்ச் சூடு: எந்த வழி யாருக்கு?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பெண்களில் பெரும்பாலோர் கையில் கடைசியாக மிஞ்சுவது தினம் ஒரு சின்ன மாத்திரை. டமாக்சிஃபென், அல்லது லெட்ரோசோல், அல்லது அனஸ்ட்ரோசோல். 5 வருடம், சிலருக்கு 10 வருடம். முடி கொட்டியது, வாய் புண்ணானது, அத்தனையும் தாண்டியாயிற்று, ஒரு மாத்திரை என்ன பண்ணிவிடப் போகிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள்.

சில வாரங்களில் ஆரம்பிக்கும். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து வழியாக முகத்துக்கும் காது மடலுக்கும் ஏறும். குப்பென்று வேர்க்கும். சில நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் நனைந்த ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டு குளிரெடுக்கும். ஃபேனைக் கூட்டச் சொன்னவரே குறைக்கச் சொல்வார். ராத்திரியில் இது மூன்று நான்கு முறை எழுப்பிவிட்டால் மறுநாள் எந்த வேலையும் ஓடாது. டாக்டர்கள் ஹாட் ஃப்ளஷ் என்பார்கள். டமாக்சிஃபென் எடுப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது உண்டு.

இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்கத்து வீட்டில் வெந்தயம், வாட்ஸ்அப்பில் சோயா, ஒரு டாக்டர் வைட்டமின் ஈ, இன்னொருவர் "பொறுத்துக்கோங்கம்மா, போகப் போகச் சரியாயிடும்". எல்லாவற்றையும் வரிசையாக வைத்து எது நல்லது என்று பார்ப்பதை விட, முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். நீங்கள் சாப்பிடும் புற்றுநோய் மாத்திரை எது? சூடு அதிகம் படுத்துவது பகலிலா, ராத்திரியிலா? இந்த இரண்டும் தெரிந்தால் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும்.

இது எந்தச் சூடு

நம் வீடுகளில் சூடு என்றதும் கை போவது நல்லெண்ணெய்க்கும் இளநீருக்கும். இந்தச் சூடு வயிற்றிலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோ வருவதில்லை. மூளையின் அடிப்பகுதியில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற இடம் இருக்கிறது. அங்கே சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடக்கி வைத்திருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த அணுக்கள் நியூரோகைனின் பி என்ற பொருளைத் தாராளமாக விட ஆரம்பிக்கின்றன. அப்புறம் உடம்பு இம்மி அளவு சூடேறினாலும் போதும், தோலின் ரத்தக் குழாய்களை விரி, வேர்வையை விடு என்று உத்தரவு போய்விடும். மாரிக்காலத்தில் கூட ஏசி தானாக முழு வேகத்தில் ஓடுகிற மாதிரி.

டமாக்சிஃபென் மார்பில் ஈஸ்ட்ரோஜனை மறிப்பது போலவே மூளையிலும் மறிக்கிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் (ஆரோமட்டேஸ் மருந்துகள் என்பார்கள்) மூன்றும் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே அடைத்துவிடுகின்றன. 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் போடும் கோசெரெலின் ஊசி சினைப்பையை உறங்க வைக்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் இயல்பாக நிற்பது சராசரியாக 46, 47 வயதில், அதுவும் சில வருடங்களாக மெல்ல மெல்ல. மேற்கு நாடுகளை ஒப்பிட்டால் இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. 38 வயதில் கீமோவாலும் ஊசியாலும் ஒரே மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் சரிந்தால் சூடும் அந்தக் கணக்கில் கடுமையாகத்தான் இருக்கும். "எங்களுக்கும்தான் வந்துச்சு, நாங்க என்ன மாத்திரையா போட்டோம்" என்று பேசும் மாமியார்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்லலாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டால்?

எல்லோர் மனதிலும் ஓடுவதும், யாரும் டாக்டரிடம் சொல்லாததும் இதுதான். இரண்டு நாள் போடாமல் விட்டுப் பார்ப்பது, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் சீட்டு வாங்கவே போகாதது.

ஹார்மோன் ஏற்பி உள்ள, அதாவது ஹார்மோன் தூண்டி வளரும் புற்றுநோயில் 5 வருட டமாக்சிஃபென், 15 வருடக் கணக்கில் மார்பகப் புற்றுநோய்ச் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துக் கண்ட உண்மை இது. கீமோவுக்கு அத்தனை பாடுபட்டவர், அதற்கு நிகரான பலனைத் தரும் மாத்திரையைச் சத்தமில்லாமல் விடுவது நல்ல பேரம் இல்லை. சூட்டுக்கு வைத்தியம் பார்ப்பதே இந்த மாத்திரையைத் தொடர முடியட்டும் என்பதற்காகத்தான். அந்த நோக்கில் பார்த்தால் "சூட்டுக்கெல்லாம் போய் மருந்தா" என்ற கூச்சம் வேண்டியதில்லை. தாங்க முடியவில்லை என்றால், "நிறுத்திவிடலாமா என்று நினைக்கிறேன்" என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மாத்திரையை மாற்றிப் பார்ப்பது வேறு விஷயம். டமாக்சிஃபெனிலிருந்து லெட்ரோசோலுக்கோ, ஒரு ஆரோமட்டேஸ் மருந்திலிருந்து இன்னொன்றுக்கோ மாறியதில் சிலருக்குச் சூடு குறைந்திருக்கிறது. ஆனால் சூடு குறைந்த இடத்தில் மூட்டு வலி வந்து உட்காரலாம். மாதவிடாய் உண்மையாகவே நின்றுபோனவருக்குத்தான் இந்த மாற்றம் நேரடியாகப் பொருந்தும். கீமோவால் மாதவிடாய் நின்ற இளம் பெண்ணுக்குச் சினைப்பை தூங்கிக்கொண்டிருக்கலாம். லெட்ரோசோல் அதை எழுப்பிவிடவும் கூடும். அவருக்கு ஊசியும் சேர்த்தாக வேண்டும், ஊசி சேர்ந்தால் சூடு இன்னும் ஏறும். தவிர, டமாக்சிஃபென் தொடங்கிய முதல் சில மாதங்களில்தான் சூடு உச்சத்தில் இருக்கும். பலருக்கு அதன் பிறகு கொஞ்சம் தணிகிறது. சூடு லேசாகத்தான் இருக்கிறது, தூக்கம் கெடவில்லை என்றால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதும் ஒரு நியாயமான வழிதான்.

ஹார்மோன் சிகிச்சை: கதவு மூடித்தான் இருக்கிறது

சாதாரண மெனோபாஸ் சூட்டுக்கு ஈஸ்ட்ரோஜனை மிஞ்சிய மருந்து கிடையாது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் அதைக் கொடுக்கலாமா என்று ஸ்வீடனில் ஹேபிட்ஸ் என்ற ஆய்வை நடத்தினார்கள். 2003 கடைசியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பின்னர் 442 பெண்களை வைத்துக் கணக்குப் பார்த்தபோது, ஹார்மோன் எடுத்தவர்களில் 39 பேருக்கும் எடுக்காதவர்களில் 17 பேருக்கும் புற்றுநோய் மறுபடி வந்திருந்தது. ஸ்டாக்ஹோமில் நடந்த இன்னொரு ஆய்வு இப்படிக் காட்டவில்லை என்பதும் உண்மை. பிறகு டிபோலோன் என்ற, ஹார்மோன் போல வேலை செய்யும் மருந்தை 3,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்தார்கள். சூடு குறைந்தது, ஆனால் நோய் திரும்பியவர்கள் 15.2 சதவீதம், ஒப்பீட்டுக்காக வெற்று மாத்திரை (மருந்தே இல்லாதது) எடுத்தவர்களில் 10.7 சதவீதம். 2009-ல் அந்த முடிவு வந்தபின் இந்தப் பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. உங்கள் புற்றுநோய் வரலாறு தெரியாத ஒருவர் "ஹார்மோன் குறைச்சல்" என்று மாத்திரை எழுதினால், வாங்கும் முன் புற்றுநோய் டாக்டரைக் கேளுங்கள்.

வென்லாஃபாக்சினா, கபாபென்டினா?

நிஜமான போட்டி இங்கேதான். இரண்டும் வேறு நோய்களுக்கென்று வந்த மருந்துகள். முதலாவது மனச்சோர்வுக்கு, இரண்டாவது வலிப்புக்கும் நரம்பு வலிக்கும். இரண்டும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள் என்பதால் விலையும் கையைக் கடிக்காது. இரண்டுக்கும் டாக்டர் சீட்டு வேண்டும்.

வென்லாஃபாக்சினை முதலில் பார்ப்போம். 2000-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் நான்கு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கே சூட்டு மதிப்பெண் (எத்தனை முறை, எவ்வளவு கடுமை என்று சேர்த்துப் போடும் கணக்கு) 27 சதவீதம் குறைந்தது. (இந்த 27-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூலிகைகளைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.) 37.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 37 சதவீதம். 75 மில்லிகிராமில் 61. 150-லும் அதே 61. ஆக, 75-க்கு மேல் ஏற்றுவதால் சூட்டைப் பொறுத்தவரை லாபமில்லை. வழக்கமாக ஒரு வாரம் 37.5, அப்புறம் 75. பலன் தெரிய ஒன்றிரண்டு வாரமே போதும். ஆரம்பத்தில் குமட்டும், வாய் உலரும், மலச்சிக்கல் வரும். பசியும் சிலருக்குக் குறையும். ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்க முடியாது. வலிக்கு டிராமடால் சாப்பிடுகிறவர் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து வரலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், திடீரென்று நிறுத்தக் கூடாது. ஒரு நாள் விட்டாலே சிலருக்குத் தலை கிறுகிறுத்து, மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்த பிரச்சினை மருந்தில் இல்லை, மருந்துக் கடையில். என் அண்ணிக்கு இதை எழுதிக் கொடுத்த அன்று கடைப் பையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது டிப்ரஷன் மாத்திரையாச்சே, யாருக்குக்கா?" என்றான். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். அண்ணி "பக்கத்து வீட்டம்மாவுக்கு" என்று சொல்லி வாங்கி வந்து, அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். "டாக்டர் எனக்கு மனநிலை சரியில்லைன்னு நினைக்கிறாரா?" என்று ராத்திரி என்னைக் கேட்டார். இல்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் இதை விட அதிகம். அங்கே பலன் தெரியச் சில வாரம் ஆகும். சூட்டில் அதைவிடச் சீக்கிரம் தெரிகிறது, மனச்சோர்வு துளியும் இல்லாதவருக்கும் தெரிகிறது. எழுதும் டாக்டர் இதை அரை நிமிடம் சொல்லியிருந்தால் அரிசி டப்பா வரை போயிருக்காது.

கபாபென்டினுக்கு இந்தச் சங்கடம் இல்லை. மார்பகப் புற்றுநோய் வந்த 420 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2005-ல் வந்தது. நாளொன்றுக்கு 900 மில்லிகிராமை மூன்றாகப் பிரித்து எடுத்தவர்களுக்கு 8 வாரத்தில் சூட்டின் கடுமை 46 சதவீதம் குறைந்தது. 300 மில்லிகிராமில் 31. வெற்று மாத்திரையில் 15. இதன் பெரிய பக்கவிளைவு தூக்கக் கலக்கமும் கிறுகிறுப்பும். பகலில் அது தொல்லை, ராத்திரியில் அதுவே வரம். படுக்கும்போது 300 எடுத்து, வேர்த்து விழிப்பது நின்று, விடியும் வரை தூங்கியவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படுவதில்லை. காலில் வீக்கம் வரலாம், எடை கூடலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இன்னொரு விஷயம். பாக்லிடாக்சல் கீமோவுக்குப் பின் கை கால் மரத்துப் போனவர்கள் பலர் ஏற்கெனவே பிரகாபலின் கலந்த நரம்பு மாத்திரை ஏதோ ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அது கபாபென்டினின் தங்கச்சி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் மயக்கம்தான் மிச்சம். அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

கனடாவில் 66 பெண்களுக்கு இரண்டையும் நான்கு வாரம் இது, நான்கு வாரம் அது என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எது வேண்டும் என்று அவர்களையே கேட்டார்கள். சூட்டைக் குறைத்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் 68 சதவீதம் பேர் வென்லாஃபாக்சினைத்தான் கேட்டார்கள். கிறுகிறுப்பு பலருக்குப் பிடிக்கவில்லை. மீதி 32 சதவீதம் பேர் கபாபென்டினையே விரும்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மூன்றில் ஒருவருக்கு அதுதான் சரி.

டமாக்சிஃபென் எடுப்பவர்கள் படிக்க வேண்டிய பத்தி

மனச்சோர்வு மருந்துகளில் எல்லாமே வென்லாஃபாக்சின் ஆகிவிடாது. அமெரிக்காவில் 2013-ல் ஹாட் ஃப்ளஷுக்கென்றே ஒப்புதல் வாங்கிய முதல் ஹார்மோன் அல்லாத மருந்து பராக்செட்டின். இணையத்தில் தேடினால் அதுதான் மேலே வரும். டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு அது கூடாது. டமாக்சிஃபென் உடம்புக்குள் போய், கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதியால் எண்டாக்சிஃபென் ஆக மாறினால்தான் முழு வேலையும் செய்யும். பராக்செட்டின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. ஃப்ளூவாக்செட்டினும் அப்படித்தான், புகைப்பழக்கத்தை விடக் கொடுக்கும் பூப்ரோபியானும் அப்படித்தான். கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. டமாக்சிஃபெனோடு பராக்செட்டினை எவ்வளவு காலம் சேர்த்து எடுத்தார்களோ அந்த அளவுக்கு மார்பகப் புற்றுநோய்ச் சாவும் கூடியிருந்தது. எல்லா ஆய்வும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லைதான். ஆனால் வென்லாஃபாக்சின், எஸ்சிட்டாலோபிராம் என்று பாதுகாப்பான மாற்று கையில் இருக்கும்போது எதற்கு வீண் சோதனை? கை கால் எரிச்சலுக்கு எழுதும் டுலாக்செட்டினும் இந்த நொதியை ஓரளவு தடுக்கும், கேட்டுக்கொண்டு எடுங்கள்.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் எடுப்பவர்களுக்கு இந்தத் தகராறு இல்லை. அவர்களுக்குப் பராக்செட்டினும் ஒரு வழி. முதலில் கேட்ட இரண்டு கேள்வியில் முதலாவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இரண்டும் ஒத்துவராவிட்டால்

ஆக்சிபியூட்டினின் என்று ஒரு மாத்திரை. சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்குக் கொடுப்பது. வேர்வையைக் குறைக்கும் என்பது அதன் பக்கவிளைவாகத் தெரிந்து, பிறகு அதுவே பயனாயிற்று. 150 பெண்களை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், 2.5 மில்லிகிராம் இரு வேளை எடுத்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது, 5 மில்லிகிராமில் இன்னும் அதிகம். வாய் உலரும், மலம் கட்டும். அவசரம் வந்தால் சிறுநீர் கசிகிறது என்று வெளியில் சொல்லாமல் இருக்கும் பெண்களுக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவசரக் கசிவுக்கு மட்டும், இருமல் கசிவுக்கு இது உதவாது. 65-க்கு மேல் போனவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யத் தயங்குவேன். இந்த வகை மருந்துகள் நீண்ட நாள் எடுத்தால் ஞாபக சக்தியைப் பாதிக்கும் என்ற கவலை உண்டு. கண் நீரழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது.

குளோனிடின் பிரஷர் மாத்திரை. ஓரளவு வேலை செய்யும். ஆனால் பிரஷர் இறங்கித் தள்ளாட வைக்கும், சட்டென்று நிறுத்தினால் பிரஷர் எகிறும். இப்போது அதை யாரும் பெரிதாகப் பரிந்துரைப்பதில்லை.

புதிய மருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் மேலே சொன்ன நியூரோகைனின் பி ஒட்டும் இடத்தையே அடைப்பவை இவை. ஈஸ்ட்ரோஜனைத் தொடாமல் மூலத்திலேயே கை வைக்கும் வழி என்பதால், புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஃபெசோலினெட்டன்ட் 2023 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதன் முக்கிய ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களைச் சேர்க்கவில்லை. 2024 டிசம்பரில் கல்லீரல் பாதிப்பு குறித்து மிகக் கடுமையான எச்சரிக்கையும் அதன் மேல் ஏறிவிட்டது. எடுப்பதற்கு முன்னும், எடுக்கத் தொடங்கிய மாதங்களிலும் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். எலின்சனெட்டன்ட் அடுத்து வந்தது. இதைத்தான் நம் ஆட்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஹார்மோன் மாத்திரை எடுக்கும் 474 பெண்களை வைத்தே இதைச் சோதித்தார்கள். தினம் சராசரி 11 முறைக்கு மேல் சூடு வந்தவர்கள். நான்கு வாரத்தில் மருந்து எடுத்தவர்களுக்கு 6.5 முறை குறைந்தது, வெற்று மாத்திரையில் 3. அசதியும் தூக்கக் கலக்கமும் வரும். 2025-ல் பிரிட்டனும் அமெரிக்காவும் இதற்கு அனுமதி கொடுத்தன. நம்பிக்கை தரும் மருந்துதான். ஆனால் இத்தனை ஆண்டு டமாக்சிஃபெனோடு சேர்த்து எடுத்தால் நோய் திரும்புவதில் ஏதும் வித்தியாசம் வருமா என்று பார்க்கக் காலம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து பொங்கலுக்கு வரும் மகனிடம் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொல்வதாக இருந்தால், தயவுசெய்து உங்கள் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். விலையும் பழைய இரண்டு மருந்துகளோடு ஒப்பிட முடியாத உயரம்.

மாத்திரையே வேண்டாம் என்பவர்களுக்கு

ஏற்கெனவே காலை, மதியம், இரவு என்று டப்பா நிறைய மாத்திரை. இன்னொன்றா என்ற சலிப்பு நியாயமானது. மருந்தில்லா வழிகளில் எனக்கு உண்மையான மரியாதை உள்ளது சிபிடி என்ற மனப்பயிற்சி மீதுதான். லண்டனில் 96 பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, வாரம் ஒன்றரை மணி நேரமாக 6 வாரம் நடத்தினார்கள். முடிவு 2012-ல் வந்தது. சூடு வரும் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை. ஆனால் "இது எனக்கு எவ்வளவு பெரிய தொல்லை" என்ற மதிப்பெண் நன்றாக இறங்கியது, தூக்கமும் தேறியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்தது. எண்ணிக்கை குறையாமல் தொல்லை மட்டும் எப்படிக் குறையும் என்று நானும் முதலில் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் புரிகிறது. கல்யாண வீட்டில் சூடு ஏறும்போது உடம்பை விட அதிகம் படுத்துவது, எல்லோரும் நம் முகத்தைப் பார்க்கிறார்கள் என்ற எண்ணம்தான். அந்தப் பதற்றம் சூட்டை இன்னும் ஏற்றும். "ஐயோ, வந்துடுச்சு" என்பதை "வருது, மூணு நிமிஷத்தில் போயிடும்" என்று மாற்றி, தோளைத் தளர்த்தி, வயிற்றிலிருந்து மெதுவாக மூச்சு விடுவது. இதைப் பழக்கப்படுத்துவதுதான் அந்தப் பயிற்சியின் சாரம். சிக்கல் என்னவென்றால் இதைத் தமிழில், சூட்டுக்கென்று நடத்துபவர்கள் அரிது. தூக்கமின்மைக்கோ பதற்றத்துக்கோ சிபிடி கொடுக்கத் தெரிந்த உளவியல் ஆலோசகர் பெரிய மருத்துவமனைகளில் இருப்பார். அவரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். பக்கவிளைவும் இல்லை, டமாக்சிஃபெனோடு மோதலும் இல்லை. மருந்து எடுப்பவர்களும் கூடவே செய்யலாம்.

ஹிப்னாசிஸுக்கும் ஆதாரம் உண்டு. 60 பேரை வைத்து 2008-ல் நடந்த ஆய்வில் 68 சதவீதம் குறைந்தது, ஆனால் ஒப்பீட்டுக் குழுவுக்கு எதுவுமே கொடுக்கவில்லை, அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடியோடு வாசிக்க வேண்டும். அக்குபஞ்சரில் வேடிக்கை. 120 பேரை வைத்து 2015-ல் வந்த ஆய்வில், மின்சாரம் பாய்ச்சும் அக்குபஞ்சர் 48 சதவீதம் குறைத்தது, கபாபென்டின் 39. ஆனால் ஊசி உள்ளே போகாமல் குத்துவது போல நடித்த போலி அக்குபஞ்சரும் 45 குறைத்தது! குத்தியதால் குறைந்ததா, குத்துபவரின் பரிவால் குறைந்ததா, நீங்களே முடிவு செய்யுங்கள். கை வீக்கம் உள்ளவர்கள் அறுவை செய்த பக்கத்துக் கையில் ஊசி குத்த விடாதீர்கள்.

யோகா, நடைப்பயிற்சி இரண்டையும் எலும்புக்கும் அசதிக்கும் மூட்டுக்கும் தாராளமாகச் செய்யுங்கள். சூடு குறையும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அதிக எடை உள்ளவர்கள் குறைத்தால் சூடும் சிறிது குறைகிறது.

சமையலறையும் நாட்டு மருந்துக் கடையும்

இப்போது அந்த 27 சதவீதம். ஒன்றுமே இல்லாத மாத்திரையே சூட்டைக் கால்வாசிக்கு மேல் குறைத்துவிடும் தொல்லையில், எதைச் சாப்பிட்டாலும் யாரோ ஒருவர் "எனக்குக் கேட்டுச்சு" என்பார். சோயா மாத்திரையை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 177 பெண்களிடம் சோதித்ததில் வெற்று மாத்திரையை விட ஒன்றும் கூடுதல் இல்லை. ஆளி விதையை 188 பேரிடம் பார்த்தார்கள், அதே கதை. வைட்டமின் ஈ 800 யூனிட் எடுத்தால் நாளைக்கு ஒரு சூடு குறையும், அவ்வளவுதான். பெண்களே அதை வெற்று மாத்திரையை விட மேல் என்று சொல்லவில்லை. டாக்டர்கள் சர்வசாதாரணமாக எழுதும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் காசுக்குக் கேடு. பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை கல்லீரலைப் பதம் பார்த்ததாகப் புகார்கள் உண்டு.

தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் இன்னொரு ரகம். ஈஸ்ட்ரோஜன் போல நடந்துகொள்ளும் பொருட்கள் அதில் உள்ளன என்பதால்தான் பெண்களுக்கு அதைக் கொடுக்கும் வழக்கமே. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்க ஒரு மாத்திரை, அதைப் போலிருக்கும் இன்னொன்றைக் கூட்ட ஒரு லேகியம், எதற்கு? அமுக்கராவும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது. சாப்பாடு வேறு, சாரம் எடுத்த மாத்திரை வேறு. குழம்பில் போடும் வெந்தயம், சுண்டலில் சோயா, மோர், இளநீர் எதற்கும் தடை இல்லை.

சூட்டைக் கிளப்பிவிடுவது எது என்று கவனிப்பதில் செலவே இல்லை. ஆவி பறக்கும் காபி, காரமான ரசம், அடுப்படிப் புழுக்கம், தோசைக்கல் முன் அரை மணி நேரம். சென்னை, நாகை மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் வேர்வை காயவே காயாது. அங்கே ஏசியை விட முகத்துக்கு நேரே ஒரு சின்ன மேசை ஃபேன் உடனடியாக உதவும். பாலியெஸ்டர் நைட்டியைத் தள்ளிவிட்டுப் பருத்தி, தலைமாட்டில் மாற்று ரவிக்கையும் துண்டும். இதெல்லாம் சூட்டைத் தடுக்காது, வந்தபின் சமாளிக்க.

நான் தேர்வு செய்வதாக இருந்தால்

பள்ளியில் பாடம் நடத்தும் 42 வயதுப் பெண், டமாக்சிஃபென், வகுப்பறையில் பிள்ளைகள் முன் முகம் சிவந்து வழிகிறது, பிரஷர் இல்லை. வென்லாஃபாக்சின், யோசனையே வேண்டாம். லெட்ரோசோல் எடுக்கும் 57 வயதுக்காரர், பகலில் சமாளிக்கிறார், ராத்திரி மூன்று முறை எழுகிறார், பிரஷர் மாத்திரை இரண்டு வகை. அவருக்குப் படுக்கும்போது கபாபென்டின் ஒன்று. அதுவே போதுமா என்று பார்த்த பிறகுதான் பகல் மாத்திரை. 70 வயது, சர்க்கரையில் சிறுநீரகம் லேசாகப் பாதித்தவர் என்றால் மாத்திரையிடம் அவசரப்பட மாட்டேன். ராத்திரி கிறுகிறுத்துக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது சூட்டை விடப் பெரிய விபரீதம், அதுவும் லெட்ரோசோலால் எலும்பு மெலிந்த வயதில். மூச்சுப் பயிற்சி, ஃபேன், சிபிடி, கடைசியாகத்தான் மருந்து, அதுவும் மிகக் குறைந்த அளவில்.

எதை எடுத்தாலும் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு வையுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: பகலுக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு வட்டம், தாங்க முடியாததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அண்ணி அந்தத் தாள்களை ரப்பர் பேண்ட் போட்டு டாக்டரிடம் கொண்டுபோனார். "ரொம்பச் சூடா இருக்கு டாக்டர்" என்று மூன்று தடவை சொன்னபோது தலையாட்டியவர், வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார். மருந்து தொடங்கி நான்கு வாரம் கழித்து மறுபடி ஒரு வாரக் கணக்கு. பாதியாவது குறையவில்லை என்றால், அல்லது பக்கவிளைவு சூட்டை விட மோசமென்றால், அடுத்ததற்கு மாறலாம். வென்லாஃபாக்சினைக் குறைப்பதும் கபாபென்டினை நிறுத்துவதும் டாக்டர் சொல்லும் படிகளில்தான் நடக்க வேண்டும். டமாக்சிஃபென் காலம் முடிந்த பின்னும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று. காய்ச்சலோடு வரும் ராத்திரி வேர்வை, எடை குறைவோடு வரும் வேர்வை, படபடப்பும் கை நடுக்கமும் சேர்ந்து வருவது, இவை வேறு கதையாக இருக்கலாம். தைராய்டு, தொற்று, காசநோய் என்று பல காரணம் உண்டு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் நடு ராத்திரி வேர்த்து எழுந்தால், ஃபேனைப் போடும் முன் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.